கோத்தகிரிப் பையன் மிட்ஃபீல்டர் ஆக: இரண்டு லட்சம் கட்டுவதற்கு முன்னால்

அக்கா மகனுக்கு 16 வயது, கோத்தகிரியில் பதினொன்றாவது படிக்கிறான், பள்ளி டீமிலும் ஊர் (ஹட்டி) டீமிலும் சென்டர் மிட், அதாவது நடுக்களத்தில், ஆடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் அகாடமி தங்குமிடம், சாப்பாட்டோடு வருஷத்துக்கு இரண்டு லட்சம் கேட்கிறது, அனுப்பினால் இந்திய அணி மிட்ஃபீல்டர் ஜீக்சன் சிங் மாதிரி வருவானா என்பது உங்கள் கேள்வி. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு லட்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

நான் குன்னூர்க்காரன். சென்னை லீக்கில் ஆறு சீசன் நடுக்களத்தில் ஆடினேன். முட்டி போனதும் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் அந்த அகாடமிக்கு ஃபோன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன சீசனில் உங்கள் 17 வயதுக்குட்பட்ட டீம் எத்தனை லீக் மேட்ச் ஆடியது, அதில் உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர் முழு 90 நிமிஷம் ஆடினார்கள்?" வெளிநாட்டு கோச், ஜிம், செயற்கைப் புல் என்று பேச்சு வேறு பக்கம் போனால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மிட்ஃபீல்டர் உருவாவது மேட்ச்சில்தான். ஸ்ட்ரைக்கர் தனியாகச் சுவரில் அடித்தாவது ஷூட்டிங் கற்றுக்கொள்வான். கீப்பருக்கு ஒரு ஆள் பந்து எறிந்தால் போதும். நடுவில் ஆடுகிறவனுக்கு இருபத்தொரு பேர் சுற்றி ஓடினால்தான் பாடமே தொடங்குகிறது.

ஜீக்சன் கதையை வைத்தே இதைச் சொல்லலாம். மணிப்பூரில் தௌபால் மாவட்டத்துப் பையன், 2001 ஜூனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வீட்டை விட்டு சண்டிகர் ஃபுட்பால் அகாடமிக்குப் போனார், பிறகு மினர்வா அகாடமி. 2017-ல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கான அணியில் முதலில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. அந்த இந்திய அணியோடு மினர்வா டீம் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடி ஜெயித்தது. அப்போதுதான் கோச்சின் கண்ணில் பட்டார். அக்டோபர் 9, டெல்லி, கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிஷம், சஞ்சீவ் ஸ்டாலின் எடுத்த கார்னரில் எழும்பித் தலையால் அடித்தார். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது. அடுத்த நிமிஷமே கொலம்பியா இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தை இந்த நாட்டில் எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

அந்த அணிப் பையன்களில் பெரும்பாலானவர்களை இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசிய கிளப் போட்டியில் இறக்கினார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள், எதிரே முப்பது வயது ஆட்கள். தோற்றார்கள், சில நாள் ஜெயித்தார்கள், வாராவாரம் ஆடினார்கள். ஜீக்சன் அங்கிருந்து கேரளா பிளாஸ்டர்ஸ் போய் 2019-20 சீசனில் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) கால் வைத்தார். 2021 மார்ச்சில் துபாயில் ஓமனுக்கு எதிராகத் தேசிய அணிக்கு முதல் ஆட்டம். 2022-ல் பிளாஸ்டர்ஸ் இறுதிப் போட்டி வரை போய் ஹைதராபாதிடம் பெனால்டியில் தோற்றது. 2023-ல் தோள்பட்டைக் காயத்தால் பல வாரம் வெளியே உட்கார்ந்தார். 2024-ல் ஈஸ்ட் பெங்கால் மூன்று கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியதாகச் செய்தி வந்தது. கோல் அடித்த அன்றைக்கும் இந்தத் தொகைக்கும் நடுவே ஏழு வருஷம்.

அதே 2017 அணியில் கேப்டன் யார் தெரியுமா? அமர்ஜித் சிங் கியாம். ஜீக்சனுக்கு உறவுக்காரப் பையன், அவரும் மிட்ஃபீல்டர்தான். அன்றைக்கு யாரிடம் கேட்டிருந்தாலும், இந்தியாவுக்குப் பத்து வருஷம் நடுக்களத்தில் ஆடப்போகிறவர் என்று அமர்ஜித்தைத்தான் காட்டியிருப்பார்கள். ஜாம்ஷெட்பூர், கோவா, ஈஸ்ட் பெங்கால் என்று மாறி மாறிப் போனார், ஒரு இடத்திலும் வேர் பிடிக்கவில்லை. மூன்றாவது ஆள் சுரேஷ் சிங் வாங்ஜாம். 2019-ல் பெங்களூரு எஃப்சிக்குப் போய் அங்கேயே ஊன்றி நின்றார், ஓமன் ஆட்டத்தில் அவருக்கும்தான் அறிமுகம். மூன்று பேரும் ஒரே கேம்ப்பில் ஒரே சோறு தின்றவர்கள். திறமையை அளந்தால் மூன்றும் விரல்கடை வித்தியாசம்தான் இருக்கும். 18 வயதிலிருந்து 22 வயதுக்குள் யாருக்கு எத்தனை ஆயிரம் நிமிஷம் கிடைத்தது என்பதில்தான் பாதை பிரிந்தது. ஆட்டத்தில் இருக்கிறவனைத்தான் கோச் அடுத்த வாரமும் எடுப்பார்.

இப்போது இடக்கணக்குக்கு வருகிறேன், இதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. 2014-ல் ஐஎஸ்எல் தொடங்கியபோது ஒரு டீமில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் இருக்கலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கானது. எந்த கிளப்பும் அந்த நான்கையும் முதுகெலும்பில்தான் வைக்கும்: ஒரு சென்டர் பேக், ஒரு ஸ்ட்ரைக்கர், நடுவில் ஒருவரோ இருவரோ. பத்தாம் நம்பர், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோலுக்கு வழி திறக்கிற இடம், அநேகமாக வெளிநாட்டுக்காரருக்குப் போய்விடும். 2024-25-ல் லீக்கில் 13 கிளப். நடுவில் இந்தியருக்கு மிஞ்சுவது கிளப்புக்கு இரண்டு இடம் என்று வைத்தால், நாடு முழுக்க இருபத்தாறு இடம். அதிலும் பாதிக்கு மேல் ஆறாம் நம்பர் வேலை: டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பிடுங்கி, சிக்கலில்லாமல் பக்கத்தில் கொடுப்பது. ஜீக்சன் செய்கிறது அந்த வேலைதான். உங்கள் அக்கா மகன் நாலு பேரை ட்ரிபிள் செய்கிறான், அதாவது காலில் பந்தோடு வெட்டித் தாண்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஒருத்தனையும் ட்ரிபிள் செய்யாமல், இரண்டு டச்சில் பந்தை அனுப்பிவிட்டு நல்ல இடத்தில் போய் நிற்கத் தெரியுமா? அதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

அடுத்து நம்ம மலை. "மலைக்காரன், நுரையீரல் பெரிசு, ஓடிக்கிட்டே இருப்பான்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வளர்ந்தவன் ரத்தத்தில் சிவப்பணு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், மெக்சிகோ நகரத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதேதான். 1970-லும் 1986-லும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த அஸ்டெக்கா அங்கேதான் இருக்கிறது. (ஊட்டியில் ஆடுகிற பையன்களிடம் இதைச் சொன்னால் அன்றைக்கு மட்டும் ஒரு ரவுண்டு கூடுதலாக ஓடுவார்கள்.) கோத்தகிரி அவ்வளவு உயரமில்லை, ஏறத்தாழ 1,800 தான். கிடைக்கிற லாபமும் கீழே இறங்கின சில வாரங்களில் கரைந்துவிடும்.

அதைவிடப் பெரிசு, மலை மறைத்துவைக்கிற குறைகள். முதலாவது வெயில். இரண்டு வருஷத்துக்கு முன் என் பையன்கள் பதினாறு பேரை வேனில் ஏற்றிக் கோவைக்குக் கூட்டிப்போனேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் மூன்று பேர் வாந்தி. பதினொரு மணி வெயிலில் மேட்ச். முதல் இருபது நிமிஷம் எங்கள் பசங்கள் எதிராளியை ஓட ஓட விரட்டினார்கள். முப்பதாவது நிமிஷத்தில் என் சென்டர் மிட் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூடுபனியில் வளர்ந்தவன், ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடித்துப் பழக்கமே கிடையாது. ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன், வெறிக்க வெறிக்கப் பார்த்தான். தோற்றோம்.

இரண்டாவது, பந்து. மேலே காற்று மெலிசு, நீளமாகத் தூக்கிக் கொடுக்கிற பாஸ் கொஞ்சம் கூடப் போகும். கீழே அதே உதைக்குப் பந்து நாலு கஜம் முன்னாலேயே விழும், எதிராளி காலில். மூன்றாவது, கிரவுண்ட். நம்மூரில் சரியான சமதளம் எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் தேயிலைச் சரிவு. பந்து வெளியே போனால் தோட்டத்துக்குள் இறங்கித் தேட ஒரு சின்னப் பையனை நிறுத்தி வைக்கிறோம். அந்த மேட்டுப் பள்ளத்தில் கற்றுக்கொண்டவனுக்கு ஃபர்ஸ்ட் டச் ஒரு சங்கடமான பழக்கமாக ஒட்டிக்கொள்ளும்: பந்து குதிக்கும் என்று எதிர்பார்த்து, எப்போதும் காலைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பான். கண்ணும் பந்தை விட்டு நகராது. நகர்ந்தால் பந்து போய்விடும் என்று அவனுக்கு அனுபவம்.

கண் விஷயம் முக்கியம். கெய்ர் யோர்டெட் என்ற நார்வேக்காரர் வருஷக்கணக்கில் மிட்ஃபீல்டர்களை மட்டும் கேமராவில் படம் பிடித்து, பந்து வருவதற்கு முந்தின சில நொடிகளில் யார் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் திரும்பிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்கிறது என்று காட்டினார். காலேஜில் படிக்கிற பையனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். என் எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு எப்படிச் சொல்ல? குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கிற பாட்டியைக் காட்டுவேன். "பாட்டி எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறாங்க பாருடா. உனக்குப் பந்து வர்றதுக்குள்ள அத்தனை தடவை பாரு." சமதளமான கிரவுண்டில் வாரம் மூன்று நாள் ஆடினால், ஆறு மாதத்தில் கண் தானாகவே மேலே வரும். அவன் கீழே இறங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அகாடமியின் பெயருக்காக இறங்க வேண்டியதில்லை.

இறங்குவதற்கு இரண்டு லட்சம்தான் வழியா? இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 வகுப்புகளில் பையன்களைச் சேர்க்கிறார்கள். தேர்வு பொதுவாகக் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசாங்கச் செலவு. உங்கள் பையன் இப்போதே பதினொன்றாவதில் இருக்கிறான், அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. அவனுக்குத் தம்பி இருந்தால் அவனுக்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையனுக்கு நான் சொல்வது: பன்னிரண்டாவதை முடிக்கட்டும். அதுவரை சனி ஞாயிறு கோவை லீக்கில் ஆடுகிற ஏதாவது ஒரு டீமில் சேர்த்துவிடுங்கள். பஸ் செலவும் பூட்ஸும்தான் ஆகும். பிறகு ஃபுட்பால் டீம் வலுவாக இருக்கிற ஒரு கல்லூரி. "காலேஜ் ஆட்டமா?" என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை என்ற மீனவ ஊர்க்காரர். பக்கத்துத் தூத்தூரில் கல்லூரியில் ஆடியவர். சென்னை சிட்டி எஃப்சி 2016-17-ல் முதல்முறை ஐ-லீக்கில் ஆடியபோது அதில் இருந்தார். பிறகு ஜாம்ஷெட்பூர், அங்கிருந்து கொல்கத்தாவின் ஏடிகே. 2020 மார்ச்சில் ஏடிகே ஐஎஸ்எல் கோப்பை வாங்கியபோது அவரும் அந்த அணியில் ஒருவர். பெரிய அகாடமி எதிலும் வளர்ந்தவரில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பசங்களுக்கு இன்னொரு இழுப்பு உண்டு, உங்கள் பையனுக்கும் கூட்டாளிகள் வழியாக வரலாம்: செவன்ஸ். நாடுகாணி இறங்கினால் நிலம்பூர், மழை விட்டதும் மலப்புறம் முழுக்க விளக்குப் போட்டு ஏழு பேர் ஆட்டம். ஒரு ராத்திரிக்குக் கையில் காசு, கூட்டம், ஆரவாரம். நானே போய் ஆடியிருக்கிறேன், அந்த சந்தோஷத்தை மறக்க முடியாது. ஆனால் சின்ன கிரவுண்ட், முரட்டு டேக்கிள், ஃபுட்பால் கூட்டமைப்பின் அங்கீகாரம் கிடையாது, கால் உடைந்தால் கேட்க நாதி இல்லை. மிட்ஃபீல்டருக்கு இன்னும் ஒரு கெடுதல்: பதினொரு பேர் ஆட்டத்தில் எங்கே நிற்பது என்ற கணக்கே குழம்பிவிடும். இப்போது கேரளத்தில் பிரீமியர் லீக் இருக்கிறது, 2024-லிருந்து சூப்பர் லீக் கேரளாவும் நடக்கிறது. அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்றால் அவற்றை நோக்கிப் போகட்டும்.

காகித விஷயங்களில் கறாராக இருங்கள். அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பு ஆட்டக்காரர்களை ஆன்லைனில் மையமாகப் பதிவு செய்கிறது. எந்த டீம் உங்கள் பையனைப் பதிவு செய்கிறதோ, அங்கிருந்து வேறு டீமுக்குப் போக அவர்கள் விடுவிக்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பையனை ஒரு டீம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஒரு மேட்ச்கூட இறக்காமல், விடுதலைக் கடிதம் கேட்டபோது பணம் கேட்டது. ஒரு சீசன் வீணானது. ஆகவே கையெழுத்துப் போடும்போதே எப்போது, எப்படி வெளியே வரலாம் என்று எழுதி வாங்குங்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயது ஆகாதவன் மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது. ஐந்து வருஷப் பத்திரத்தை நீட்டினால் அதைக் காட்டி மறுக்கலாம். ஏஜென்ட் என்று யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 2023-லிருந்து பரீட்சை எழுதித்தான் அதை வாங்க முடியும். 18 வயது நிறையாதவனிடம் பேச வேண்டுமானால் அப்பா அம்மாவின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பிறந்த தேதியில் ஒரு வருஷம் குறைத்துப் போடலாம் என்று யாராவது நைசாகச் சொல்வார்கள், காதிலேயே வாங்காதீர்கள். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள். மாட்டினால் பையன் பெயர்தான் கெடும்.

முட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சூசைராஜ் 2020 நவம்பர் 20 அன்று சீசனின் முதல் ஆட்டத்திலேயே, பாதி முடிவதற்குள், முட்டித் தசைநார் கிழிந்து வெளியே போனார். அந்த சீசன் முழுக்கப் போனது. இந்திய அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆட்கள். சென்னைப் பையன் தனபால் கணேஷ் 2018-ல் ‘சென்னையின் எஃப்சி’ என்ற கிளப் ஐஎஸ்எல் கோப்பை வாங்கிய சீசனில் அரையிறுதியில் கோல் போட்டவர். அடுத்த சீசன் முட்டிக் காயத்தோடு உட்கார வேண்டியதாகிவிட்டது. நடுக்களத்தில் ஆடுகிறவன் ஒரு ஆட்டத்தில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறான், அதில் நூற்றுக்கணக்கான தடவை நின்று திரும்புகிறான். முட்டிதான் அவன் மூலதனம். எனக்கு நடந்தது இதைவிடக் கேவலம். சென்னையில் ஒரு லீக் மேட்ச்சில் முட்டி திரும்பியது. டீம்காரர்கள் ஸ்ப்ரே அடித்து, கட்டுப் போட்டு, அடுத்த வாரமே இறக்கினார்கள். ஸ்கேன் எடுக்க நாலு மாதம் ஆனது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இதோட எப்படி ஆடினீங்க?" என்று கேட்டார். பையன் முட்டி வீங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள், எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுகிற இடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். இப்போதிருந்தே ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொல்லுங்கள், இரண்டு காலிலும்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்சி, மினர்வாவிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று திருப்பியடித்து ஐ-லீக் கோப்பையை எடுத்தது. காலரியில் என் பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ மாதிரி தமிழ்நாட்டுப் பசங்கள் அந்த டீமில் இருந்தார்கள், பின்னால் ஐஎஸ்எல்லுக்கும் போனார்கள். 2021-22 ஐ-லீக்கில் அந்தக் கிளப்பே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷத்துக்குள் சாம்பியன் கிளப்புக்கே அந்தக் கதி. ஐஎஸ்எல்லாவது கெட்டி என்று நினைத்தோம். லீக்கை நடத்துகிற உரிமைக்கு 2010-ல் போட்ட ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், 2025-ல், அடுத்த சீசன் தொங்கலில் நின்றது. பெங்களூரு எஃப்சி ஆட்டக்காரர்கள் சம்பளத்தையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. இந்தியாவுக்கு ஆடுகிறவர்களுக்கே அந்த நிலை. அதனால்தான் பன்னிரண்டாவதும் ஒரு டிகிரியும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். தமிழக அரசு வேலையில் சாதித்த விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை டீம்களும் ஆள் எடுக்கும். அதையும் ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு ஆடட்டும், தப்பே இல்லை.

ஜீக்சன் மாதிரி வருவானா என்ற கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 16 வயதில் மாவட்டத்துக்கு வெளியே ஒரு லீக் சீசன்கூட ஆடாதவன் ஐஎஸ்எல் வரை போவது அரிது. கோவை லீக், கல்லூரி, சென்னை சீனியர் டிவிஷன், சந்தோஷ் டிராஃபி (மாநில அணிகளின் போட்டி) கேம்ப் என்கிற ஏணியில் இரண்டு மூன்று படி ஏறலாம், ஏறினவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எதையும் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம். முதலில் பையனை ஒரு ஞாயிறு குன்னூருக்கு அழைத்து வாருங்கள். பழைய ஸ்டட்ஸ் போதும், புதுசு வாங்காதீர்கள். ஷின் கார்டும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலும் மறக்க வேண்டாம். தூறல் என்றால் ஏழு மணிக்கே தொடங்கிவிடுவோம். மூடுபனி இறங்கியிருந்தால் ஒரு கோல் போஸ்ட்டிலிருந்து இன்னொன்று தெரிகிற வரைக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருப்போம்.